நாயனத்துக்கு மட்டும் சந்தனம்

தப்பு சாதிக் பாட்சா மேல்தான். நல்ல எண்ணத்தில் செய்தார் என்பதற்காக அது தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

கோத்தா திங்கி போகும் தார்ச் சடக்கில் பதினோராம் மைல் கட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் அந்த ரப்பர் தோட்டம் வரும். சாதிக் பாட்சா வாரத்துக்கு ஒரு தடவை ஜோகூர் பாருவிலிருந்து துணியும் வெற்றிலையும் எடுத்து வந்து அங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக விற்பவர். அவரிடம் தோட்டத்துக் கோயில் தலைவர் சதாசிவக் கங்காணி ஒரு சேதி சொல்லி அனுப்பினார். தெப்ராவில் ஐயாசாமி என்று ஒரு நாயனக்காரன் இருக்கிறான். அவனை விட்டு வந்த பெண்டாட்டி வீராயி ஆறு வருஷமாக நம் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். மாசி பதினேழாம் தேதி அவளுக்கும் ஸ்டோரில் ரப்பர் பாளத்துக்குப் புகைபோடும் தங்கராஜுக்கும் கல்யாணம். அன்று காலையில் அவன் வந்து, தான் கட்டிய தாலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பஞ்சாயத்து முன்னால் துரும்பு கிள்ளிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சேதி இவ்வளவுதான்.

துரும்பு கிள்ளுவது பெரிய காரியம் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ஒரு வைக்கோலை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் கட்டு அறுந்தது என்று அர்த்தம். நெல் விளையாத தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது, அதனால் லாலாங் புல்லைக் கிள்ளுவார்கள். ஆனால் கிள்ளியே ஆக வேண்டும் என்பதில் கங்காணி கறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிள்ளாமல் கட்டிக்கொண்ட ஒருத்தியின் பழைய புருஷன் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணிக்கொண்டிருக்கும்போது, பால் வெட்டும் கத்தியோடு வந்து நின்றான். தொரை விசாரிக்கவெல்லாம் இல்லை. மூன்று பேரையும் அன்றைக்கே சட்டி பானையோடு சடக்கில் இறக்கிவிட்டார்.

சாதிக் பாட்சா தெப்ராவுக்குப் போனார். வாசலில் வேறொரு பெண்பிள்ளை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐயாசாமி சட்டையில்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, உன் பழைய பெண்டாட்டியைத் தீர்த்துவிட வா என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மரியாதையான மனுஷர். தன் கூடையிலிருந்தே ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து, மேலே பாக்கு வைத்து நீட்டினார். பதினோராம் கட்டைத் தோட்டத்தில் மாசி பதினேழு கல்யாணம், கங்காணி உங்களை அவசியம் வரச் சொன்னார், மற்றதை அங்கே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மேளக்காரன் வாசலுக்கு வெற்றிலை பாக்கு எதற்கு வரும், வாசிக்கக் கூப்பிடத்தானே? ஐயாசாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மாசி பதினேழு காலையில் பெரட்டு முடிந்து, அரை நாள் லீவு கிடைத்த சனம் குளித்து முழுகிக்கொண்டிருந்தபோது, செம்மண் பாதையில் நாலு பேர் வந்தார்கள். முன்னால் ஐயாசாமி, தோளில் பட்டுறை போட்ட நாயனம். பின்னால் தவிலைத் தூக்கிக்கொண்டு கனகராஜ். அதற்கும் பின்னால் ஒத்து ஊதுகிறவனும் தாளக்காரனும். தோட்டத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு எதிரே ஓடின.

தோட்டத்தில் நாயனச் சத்தம் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக நடந்த கல்யாணத்துக்குக் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கதிரேசு தன் கிராமபோன் பெட்டியைக் கொடுத்து உதவினார். யாழ்ப்பாணத்து மனுஷர், தாராளமானவர்தான். தாலி கட்டும் நேரத்தில் ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு, மூன்று முடிச்சும் விழுந்து முடியும்வரை ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடியது. அந்தச் சமயத்தில் யாரோ ஊரே கேட்கும்படி ஒரு தும்மல் போட்டார்கள். கெட்டிமேளம் இருந்திருந்தால் தும்மல் அதில் அமுங்கியிருக்கும். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் அஞ்சாம் மாசம் பிரிந்தார்கள். பழி ஊசி மேலா தும்மல் மேலா என்று கள்ளுக்கடையில் இன்னும் வழக்கு நடக்கிறது.

லயத்துக்குப் பின்னால் வீராயிக்குப் பேச்சியக்கா மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வீராயி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. கோயில் பக்கம் நாயனத்தின் சீவாளியை எச்சிலில் நனைத்து ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இரண்டு குட்டை ஊதல், ஒரு நீளம். வீராயியின் கை தண்ணீர்ச் செம்பில் அப்படியே நின்றது.

"அவன்தான்" என்றாள்.

துரும்பு கிள்ள வருபவன் நாயனத்தை ஏன் தூக்கி வருகிறான் என்று பேச்சியக்காவுக்கு விளங்கவில்லை. சாதிக் பாட்சா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று, தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னபிறகுதான் விளங்கியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, என்னைச் செருப்பால் அடி தங்கச்சி என்றார். அடிப்பதற்கு எல்லாம் நேரமில்லை, தண்ணி ஊத்தணும், தள்ளி நில்லுங்க பாய் என்றாள் பேச்சியக்கா.

வீராயியின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. பால் வாளியைப் பிடிக்க மூன்று விரல் போதும் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோயில் திருவிழாவில் அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அவன் என்ன சாதி, என்ன குணம் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவன் பின்னால் போனவள் அவள். மூன்று வருஷம் அவனோடு இருந்தாள். ஒரு நாள் காப்பி ஆறிப்போயிருந்தது என்று அடித்தான். நாயனத்தால் அடிக்கவில்லை. அடித்தால் நாயனம் கெட்டுப்போகும், அதில் அவன் கவனமான ஆள். கதவுக்குப் போடும் கட்டையால் அடித்தான்.

அன்று சாயங்காலமே கோயிலில் அவனுக்குக் கச்சேரி. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளும் போய்க் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்தாள். அவன் ஆனந்தபைரவி வாசித்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கை வலிக்காக இல்லை, வாசிப்புக்காக. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடிபட்டதை ஆயிரம் பேரிடம் சொல்லிவிடலாம். அடித்தவன் வாசிப்பைக் கேட்டு அதே நாளில் உருகிப்போனோம் என்பதை எந்த வாயால் சொல்வது?

கோயில் பந்தலில் அதற்குள் பஞ்சாயத்து கூடிவிட்டது. கல்யாணம் யாருக்கு என்பதையும் எதற்காகத் தன்னை வரச் சொன்னார்கள் என்பதையும் கங்காணி எடுத்துச் சொன்னபோது, ஐயாசாமி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஒரு பேச்சுப் பேசினான். அந்த மலட்டுச் சிறுக்கிக்கா மாப்பிள்ளை கிடைத்தான், எந்தக் குருடன் அவன், என்று. தங்கராஜு எழுந்தான். இரண்டு பேர் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

ஐயாசாமி அதோடு விடவில்லை. வெற்றிலை வாங்கியாகிவிட்டது, வாசிக்காமல் போவதில்லை என்றான். வாசிப்பதென்றால் வித்துவானுக்கு உண்டான மரியாதை வேண்டும். முதல் சந்தனம், மாலை, வேட்டி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து வந்து தன் கையில் தாம்பூலம் கொடுத்துக் கும்பிட வேண்டும்.

"அதுக்கப்புறம் துரும்பு என்ன, ஒரு கட்டு லாலாங்கையே கிள்றேன். மரியாதை இல்லேன்னா துரும்பும் இல்ல. உங்க கல்யாணத்த நீங்க எப்படி நடத்துறீங்கன்னு நானும் பாக்குறேன்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தானா என்றால் இல்லை. நாயனத்தை எடுத்து ஒரே ஒரு மூச்சு வாசித்தான். அவ்வளவுதான், கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் ஆ என்று வாயைத் திறந்துகொண்டார்கள். ஆள் கழிசடைதான், ஆனால் வாசிப்பு இருக்கிறதே என்றான் ஒருவன். குடித்தால் எவனும் நாலு வார்த்தை கூட்டித்தான் பேசுவான் என்றான் இன்னொருவன். அவன் இன்னும் குடித்திருக்கவே இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கங்காணியும் உள்ளுக்குள் அந்தப் பக்கம்தான். துரும்பும் நடக்கும், மேளமும் கிடைக்கும், ஒரு கும்பிடுதானே என்று அவர் கணக்கு.

ஆனால் கும்பிட வேண்டியவள் வீராயி. அவளிடம் சொல்லக் கங்காணி தனியாக வரப் பயந்து, கிராணி கதிரேசுவையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். படித்தவர் சொன்னால் கேட்பாள் என்று நம்பிக்கை.

கிராணி நல்லவிதமாகத்தான் சொன்னார். "இஞ்சை பார் பிள்ளை. ஆளை விடு, வாசிப்பைக் கேள். கலை வேறை, ஆள் வேறை. பாட்டுப்பெட்டியிலை பாடுற ஆக்களின்ரை குணம் என்னெண்டு நாங்கள் கேக்கிறமோ?"

மஞ்சள் காயாத முகத்தோடு வீராயி அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு வேற வேறதான் ஐயா. உங்களுக்கு அவன் வாசிச்சது மட்டுந்தான வந்துச்சு. எனக்கு வாசிச்சதும் அந்தக் கைதான், ஒடச்சதும் அந்தக் கைதான். ஒரே கைய எப்படி ரெண்டா வெட்றதுன்னு சொல்லுங்க, செய்றேன்."

கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவர் யோக்கியர். அது உண்மைதான் பிள்ளை என்றார்.

வீராயி தங்கராஜுவை வரச் சொன்னாள். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று பேசுவது வழக்கமில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். பேச்சியக்கா மஞ்சள் கையோடு திரும்பிப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது. தங்கராஜு வந்தான். நாற்பது வயது ஆள், எத்தனை தேய்த்துக் குளித்தாலும் புகைக்கூடத்து வாடை போகாது. முதல் பெண்டாட்டி மலைக்காய்ச்சலில் போய் ஏழு வருஷம் ஆகிறது. அதிகம் பேச மாட்டான்.

வீராயி நேராகக் கேட்டாள். "உங்களுக்கு அவன் வாசிக்கணுமா, வேணாமா?"

தங்கராஜு சுற்றி வளைக்காமல் சொன்னான். "பொய் சொல்ல மாட்டேன் வீராயி. கேக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. இப்ப ஊதுனானே, எந்திரிச்சு அவன் பல்லை உடைக்கலாம்னு இருந்தவன், அப்படியே உக்காந்துட்டேன். எனக்கே அசிங்கமாப் போச்சு." பிறகு சொன்னான். "நீ வேணாம்னா வேணாம். மேளத்துக்குப் பதிலா பால் புடிக்கிற மங்கைத் தட்டிக் கட்டிக்கலாம். துரும்பு கிள்ளாட்டியும் பரவால்ல, தொரை தொரத்துனா வேற தோட்டம் பாப்போம்."

வீராயிக்கு அந்த இடத்தில்தான் மனசு லேசானது. தன்னைப்போலவே இன்னொருத்தனும் அந்த ஊதலில் அவமானப்பட்டு நிற்கிறான். அதை ஒளிக்காமல் சொல்லவும் செய்கிறான். ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்ததை அவனிடம் நாலே வார்த்தையில் சொன்னாள். அடிபட்ட அன்று சாயங்காலம் தானும் உட்கார்ந்து கேட்டு அழுததைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு அவள் கங்காணியைக் கூப்பிட்டாள். குரல் திடமாக இருந்தது.

"என் கம்மல எடுத்துக்கிட்டான், ரெண்டு வெரல எடுத்துக்கிட்டான், மூணு வருசத்த எடுத்துக்கிட்டான். அந்த வாசிப்பையும் அவன்கிட்டயே விட்டுட்டு நான் காதப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? அதக் கேட்டுத்தான நான் கெட்டேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு கங்காணி. வாசிக்கட்டும். ஆனா நான் சொல்றபடி."

அவள் சொன்னது இதுதான். முதலில் துரும்பு, பிறகுதான் நாயனம். அவனுக்கு மாலை கிடையாது, வேட்டி கிடையாது, கும்பிடு கிடையாது. சந்தனம் நாயனத்துக்கு மட்டும், அவன் நெற்றிக்கு இல்லை. பந்தலுக்குள் பாயில் உட்கார வேண்டாம், வெளியே பலாமர நிழலில் இருந்து வாசிக்கட்டும், அங்கிருந்தே எல்லாருக்கும் கேட்கும். கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டுவது கங்காணி இல்லை, அவள்தான்.

இதைக் கேட்டால் அவன் எழுந்து போய்விடுவானே, துரும்புக்கு எங்கே போவது என்றார் கங்காணி.

"போகச் சொல்லுங்க" என்றாள் வீராயி. "போக மாட்டான்."

கங்காணி போய்ச் சொன்னார். சொல்லும்போது பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுச் சொன்னார், ஆனாலும் ஐயாசாமிக்குப் புரிந்தது. நாயனத்தை உறையில் போட்டான். சந்தனம் மரத்துக்கா, என்னடா தோட்டம் இது என்று ஆரம்பித்து, அங்கே இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி பேசிக்கொண்டே செம்மண் பாதையில் இறங்கினான். ஒத்துக்காரனும் தாளக்காரனும் பின்னால் எழுந்தார்கள். கனகராஜ் மட்டும் எழவில்லை. தவிலின் வாரை இழுத்து முறுக்கிக்கொண்டே, வெத்தல வாங்குனது நீ, அதுக்குப் பதில் சொல்றது நீ, எனக்குப் பசிக்குது என்றான். எத்தனையோ வருஷம் அவனோடு சுற்றிய ஆள். அவனும் இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தவன் போலத்தான் இருந்தது.

கூட்டம் முழுக்க வீராயியைத் திட்டத் தயாராக நின்றது. கங்காணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வீராயி கூந்தலைப் பின்னப் பேச்சியக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷம் அவனுக்குச் சோறு போட்டவள் அவள். நனைத்த சீவாளியை வாசிக்காமல் காயவிட அவனால் முடியாது. கூடிய கூட்டத்தை விட்டுவிட்டு அவன் எங்கேயும் போனதில்லை. மழையில் போகச் சொன்னபோதும் போகவில்லை, சுரத்தோடு கிடந்தபோதும் போகவில்லை. போதாததற்கு, வெற்றிலை வாங்கிவிட்டு வாசிக்காமல் ஓடினவன் என்று சாதிக் பாட்சா ஜோகூர் முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னால், அடுத்த வெற்றிலை யார் வைப்பார்கள்?

ஐயாசாமி கிணற்றடி வரைக்கும் போனான். அங்கே நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்தான். பாதி சுருட்டு தீர்வதற்குள் திரும்பி வந்தான். பெண்டாட்டிக்காக இல்லை, வெற்றிலைக்காக என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

"அதுக்குத்தாம்பா எல்லாரும் கூப்பிட்டது. ஒக்காரு" என்றான் கனகராஜ்.

துரும்பு கிள்ளினார்கள். பேச்சியக்கா கிள்ளிக்கொண்டு வந்த லாலாங் இலையின் ஒரு முனையை அவன் பிடித்தான், இன்னொரு முனையை அவள் பிடித்தாள். லாலாங் விளிம்பு சும்மா இழுத்தால் விரலைக் கீறும். அவன் வெடுக்கென்று இழுத்தான். அவள் மெதுவாக நகத்தால் கிள்ளினாள். இலை அறுந்தது. பழைய தாலியை அவள் கங்காணி கையில் வைத்தாள், கங்காணி அவன் கையில் வைத்தார். அவன் அதை எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டான். இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியம் இல்லை என்று கங்காணி மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவர் குரலில் உயிர் வந்திருந்தது.

பிறகு வீராயி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். கோராப் பட்டுச் சேலை, தலை நிறையக் கதம்பம். ஐயாசாமி நாயனத்தை மடியில் படுக்க வைத்திருந்தான். அவனைப் பார்க்காமல் குனிந்து, நாயனத்தின் விரிந்த வாயைச் சுற்றி விரலால் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். அந்தக் கறுத்த மரத்தில் பழைய கீறல் ஒன்று கையில் தட்டியது. அவளுக்குத் தெரிந்த கீறல்தான். ஒரு காலத்தில் இதை அவள்தான் எண்ணெய் போட்டுத் துடைப்பாள். இதன்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

அவன் பல்லிடுக்கில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பேச்சியக்கா அப்புறம் கேட்டபோது, வழக்கமா சொல்றதுதான் என்று மட்டும் சொன்னாள்.

வாசித்தான். அதை எப்படிச் சொல்வது? மரியாதை குறைந்த கோபத்தில் மட்டமாக வாசிப்பான் என்று சிலர் பயந்தார்கள். அவனுக்கு மட்டமாக வாசிக்கத் தெரியாது, அதுவும் அவனுடைய ஒரு கோளாறு. பால் வெட்டி வெட்டிக் கை மரத்துப்போன சனம், காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து தோள் காய்த்த ஆட்கள், அப்படியே மண்ணில் உட்கார்ந்து கேட்டார்கள். தொரை பங்களாவில் இருந்த சமையல்காரச் சீனன் கூட வேலியோரம் வந்து நின்றான். கிராணி கண்ணை மூடிக்கொண்டார். சாதிக் பாட்சா, காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் தூணோரம் ஒதுங்கியிருந்தவர், மெள்ளத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

மணவறையில் வீராயி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். இந்தத் தடவை கூட்டத்தின் கடைசியில் ஒளிந்துகொண்டு இல்லை, நடுவில் உட்கார்ந்து. பக்கத்தில் தங்கராஜு வாயைத் திறந்தபடி இருந்தான். வாயை மூடச் சொல்லி அவள் முழங்கையால் இடித்தாள்.

தாலியைக் கையில் எடுத்தாயிற்று. ஐயாசாமி ஆனந்தபைரவியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். வழக்கப்படி அவன் கண் பந்தலில்தான் இருக்க வேண்டும், கை அசைந்த உடனே வாசிப்பை எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே வெட்டிவிட்டுக் கெட்டிமேளத்தில் விழ வேண்டும். வீராயி இடது கையைத் தூக்கினாள். மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றன. பார்க்க விரும்பாதவனும் பார்க்கும்படி ஒரு நொடி அப்படியே வைத்திருந்துவிட்டு ஆட்டினாள்.

ராகம் பாதியில் அறுந்தது. தவில் இடித்தது. கனகராஜ் அன்று அடித்த அடியில் பலாமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அதற்குள் எத்தனை பேர் தும்மினார்களோ யாருக்குத் தெரியும்.

விரலைப் பார்த்தபோது ஐயாசாமி முகத்தில் ஏதாவது மாறியதா என்று பேச்சியக்கா குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மாறவில்லை. கன்னம் உப்பியிருந்தது, கண் பிதுங்கியிருந்தது, அவ்வளவுதான் என்றாள். வீராயி அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவன் திருந்த வேண்டும் என்று அவள் மேளம் வைக்கவில்லை.

பந்தி நடந்தது. கனகராஜுக்குப் பந்தலுக்குள்ளேயே முதல் இலை போட்டார்கள். அவன் மூன்று தடவை சாம்பார் வாங்கினான். ஐயாசாமி சாப்பிட உட்காராமல், யாரும் கேட்காமலே தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். வீராயி பாயசத்தில் கையை வைத்தவள் நிமிர்ந்து, பாதியில் வெட்டின அந்த ஆனந்தபைரவியை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பினாள். வாசித்தான். முடிந்ததும், இன்னொரு தடவை என்றாள். அதையும் வாசித்தான். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அழுகை வரவில்லை, பசி நன்றாக எடுத்தது.

வெயில் சாய்வதற்கு முன்னாலேயே ஐயாசாமி கள்ளுக்கடைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம் கேட்டது. மரத்துக்குச் சந்தனம் பூசின காட்டுப் பயல்கள் என்று தோட்டத்தையே இழுத்துவைத்துத் திட்டினான். ஒத்துக்காரனை அறைந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைக் கைத்தாங்கலாக பஸ்ஸுக்கு நடத்திப் போனார்கள். நாயனத்தை மட்டும் கனகராஜ் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவர்கள் தலை மறைந்ததும் கங்காணி வீராயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. வாயில் வெற்றிலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். பங்குனியில் கோயில் திருவிழா வருகிறதே, அதுக்கு அவனையே வைக்கலாமா, நீ தப்பாக நினைக்க மாட்டாயே என்றார்.

வீராயி சாயங்காலப் பசிக்கு இலையில் மறுபடி வாங்கியிருந்த பாயசத்தை வழித்து நக்கினாள். யோசிக்க வேண்டியதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"கூப்பிடுங்க. பகல்ல வாசிக்கட்டும். ராத்திரி மட்டும் இங்க தங்க வைக்காதீங்க, லயத்துல வயசுப் புள்ளைங்க இருக்கு. கடைசி பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க."

சரி என்றார் கங்காணி. தங்கராஜு வாளியோடு வந்து, இன்னொரு கரண்டி போடவா என்று கேட்டான். போடச் சொன்னாள்.